கறுப்புக் கையுறைக்கு ஓர் உரையாசிரியர்

மனித குலத்தில் விளக்கம் சொல்கிறவர் என்றொரு இனம் உண்டு. வெளிச்சத்தில் இதை அடையாளம் காண்பது கஷ்டம். சாதாரணமாகச் சட்டை போட்டுக்கொண்டு, சாதாரணமாக டீ குடித்துக்கொண்டு நிற்கும். வேற்றுமொழிப் படம் ஓடும் கொட்டகையில் விளக்கை அணைத்துப் பாருங்கள், உங்களுக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும். நீங்கள் திரையைப் பார்ப்பீர்கள். அவர் உங்களைப் பார்ப்பார். உங்களுக்குப் புரியவில்லை என்ற விஷயம் உங்களுக்கே தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகென்ன, உங்கள் கதி அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் இந்த இனத்தின் தலைமகன் வன்னியபெருமாள். பருத்தி மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற உத்தியோகம். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷை மட்டும் மூன்று தடவை எழுதியவர். ஒரே தடவையில் பாஸானவனைவிடத் தனக்கு இங்கிலீஷில் மூன்று மடங்கு படிப்பு இருக்கிறது என்பது அவர் வாதம். கணக்குப்படி அதை மறுக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சி வெளிநாட்டுப் படத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அதிலும் ஒரு பருவத்தில் இத்தாலிக்காரர்களின் கொலைப் படங்களாக, இங்கிலீஷில் பேசவைத்து, வந்து இறங்கின. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பாழடைந்த மாளிகை இருக்கும். சுவரிலே முன்னோர்களின் படங்கள், அத்தனை பேரும் அஜீரணக்காரர்கள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார்கள். கறுப்புக் கையுறை போட்ட கை ஒன்று சவரக்கத்தியோடு அலையும். கைக்குச் சொந்தக்காரர் யார் என்பதைக் கடைசி வரை காட்டமாட்டார்கள். வீட்டில் ஐந்து பேர் செத்த பிறகும் ஓர் அழகான பெண் விளக்கைப் போடாமல், செருப்பும் போடாமல், தனியாக மாடிப்படி ஏறுவாள். ஏன் ஏறுகிறாள்? கேட்கக்கூடாது. வெளியே இடியும் மின்னலுமாக மழை கொட்டும். அந்த மழையைப் பார்த்து ரோமாபுரியில் பயந்திருக்கலாம். நம்ம கொட்டகையில், "இதுல பாதி இடைசெவலுக்குப் பெய்ஞ்சிருந்தா பருத்தி தப்பிச்சிருக்கும்" என்று நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள். பேயைவிட வானம் பார்த்த பூமி பயங்கரமானது என்று தெரிந்த ஜனங்கள்.

இப்படிப்பட்ட படத்தில்தான் வன்னியபெருமாள் ஜொலிப்பார். திரையில் ஒருத்தி மூன்று நிமிஷம் அழுது புலம்பினால், "வேண்டாங்கா" என்று முடித்துவிடுவார். ஒருவன் தொப்பியைக் கழற்றி ஒற்றைச் சொல் உதிர்த்தால், அவன் தாத்தா காலத்துச் சொத்துத் தகராறிலிருந்து ஆரம்பிப்பார். "கவனிச்சுக்கிடுங்க, இங்கனதான் டைரக்டர் நிக்கான்" என்பது அவருக்குப் பிடித்த வாசகம். டைரக்டர் எங்கே நின்றார் என்று யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது ரீலுக்குள் கொலைகாரன் பெயரை அறிவித்துவிடுவார். சரியாக இருந்தால், "நான் அப்பவே சொல்லலியா?" தவறாக இருந்தால், "கதை அப்பிடித்தான் இருந்துச்சு, கடைசியில மாத்திட்டான்."

வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

தங்கசாமி என்று ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. பம்பாய், கல்கத்தா வியாபாரிகளோடு இங்கிலீஷில் பேசவும் எழுதவும் அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நிழலில் நாற்காலி, தலைக்கு மேலே காற்றாடி. பத்து வருஷமாகப் பருத்தித் தூசியை மூச்சாக இழுத்து இருமிக்கொண்டிருந்த வன்னியபெருமாளுக்கு அந்த நாற்காலி கனவில் வந்தது. மனைவி பெருமாயி வேறு, "ஒங்க இங்கிலீஷு கொட்டகைக்குள்ளதான் வேலை செய்யுது. ஒரு நாளாச்சும் வெளிய வந்து இந்த இருமலை நிப்பாட்டியிருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

போட்டிக்கு ஒருவன் இருந்தான். சுந்தரபாண்டி, பாளையங்கோட்டையில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடுகிறவன். தங்கசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிச் சோதிப்பது? அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைக்காட்சிக்கு ரெண்டு பேரும் வாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் ஒக்காந்து, என்ன பேசுதாங்கன்னு சொல்லுங்க. பாப்போம்."

படம் ஆரம்பித்தது. மாளிகை வந்தது, மழை வந்தது, முன்னோர்கள் முறைத்தார்கள். சுந்தரபாண்டி ஐந்து நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தங்கசாமி பக்கம் குனிந்தான்.

"அண்ணாச்சி, இது இங்கிலீஷே இல்ல. வேற ஏதோ பாஷை."

உண்மைதான். படத்தை அனுப்பிய கம்பெனி பெட்டியை மாற்றி, இத்தாலி மொழியிலேயே பேசும் பிரதியை அனுப்பியிருந்தது. ஆனால் பின்வரிசை சும்மா இருக்குமா?

"ஏலே, ஒனக்குப் புரியலேன்னா அது இங்கிலீஷ் இல்லேன்னு ஆயிருமா?"

"எம்மேயாம்ல. படிச்சதெல்லாம் பரீட்சைப் பேப்பரோட போயிருச்சு போல."

கொட்டகை சிரித்தது. வன்னியபெருமாள் சிரிக்கவில்லை. வழக்கமாக 'எஸ்', 'கோ', 'கம்' என்று மூன்று சொல்லாவது காதில் விழும். அந்த மூன்று கல்லை வைத்து ஒரு மாளிகையே கட்டிவிடுவார். இன்று ஒரு கல்கூட விழவில்லை. பையன் சொல்வதுதான் சரி என்று அந்தக் கொட்டகையில் தெரிந்த ஒரே மனிதர் அவர். ஒப்புக்கொண்டிருக்கலாம். தூசி ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார்.

"சொத்து விவகாரம் அண்ணாச்சி. மூத்த தாரத்துப் பிள்ளைக்கு ஒண்ணும் எழுதி வைக்கல."

அப்புறம் வெள்ளம்தான். கையுறைக்காரன் தீக்குச்சி உரசி மெழுகுவத்தி ஏற்றினான். தங்கசாமி முதல் தடவையாகத் திரையை நோக்கிக் குனிந்தார்.

"ஒரே உரசுல பத்துதே. எந்த ஊர்க் குச்சி வே?"

"சுவீடன்" என்றார் வன்னியபெருமாள், மூச்சுவிட எடுக்கும் நேரம்கூட எடுக்காமல். "முதல்ல அதைத்தான் சொன்னான்."

சுந்தரபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

மூன்றாவது ரீலில் தீர்ப்பு வந்தது. கண்ணாடி போட்ட டாக்டர்தான் கொலைகாரன். "கையை அடிக்கடி கழுவுதான் பாத்தீங்களா? அதான் குளூ." பெஞ்சு டிக்கெட்டு வரை செய்தி பரவியது. டாக்டர் திரையில் தலைகாட்டும்போதெல்லாம் ஜனங்கள் உறுமினார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் கறுப்புக் கையுறை பின்பக்கமாக வந்து டாக்டரின் கழுத்தை அறுத்தது. குங்குமத்தை எண்ணெயில் குழைத்த நிறத்தில் ரத்தம் கொட்டியது. டாக்டர் சரிந்தார்.

எல்லாத் தலையும் வன்னியபெருமாள் பக்கம் திரும்பியது.

"என்ன வே," என்றார் தங்கசாமி மெதுவாக. "கொலைகாரனே செத்துட்டான்?"

"செத்த மாதிரி நடிக்கான் அண்ணாச்சி. அந்த ரத்தத்தைப் பாருங்க, நெசமான ரத்தமா அது?"

ரத்தத்தைப் பற்றி யாராலும் எதிர்வாதம் செய்ய முடியவில்லை. ஆனாலும் இடைவேளையில் அவர் முறுக்கை வாயில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். கழுத்து முக்கால்வாசி அறுந்து கிடக்கிற டாக்டரை எழுப்புவது எப்படி? மண்டி, தராசு, தூசி, பெருமாயியின் கேள்வி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நாற்காலி மட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

மணி அடித்தது. விளக்கு அணைந்தது. திரையில் டாக்டர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

விசிலைக் கேட்க வேண்டுமே. சோடாக்காரன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான். வன்னியபெருமாள் தலையை லேசாக ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார், முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தவர் மாதிரி.

நடந்தது என்னவென்றால், ஆபரேட்டர் இடைவேளைக்குப் பிறகு ஓட்டவேண்டிய ரீலை முன்னாலும், முன்னால் ஓட்டவேண்டியதைப் பின்னாலும் போட்டுவிட்டார். சுந்தரபாண்டி எழுந்து நின்று அதையே சொன்னான்.

"ரீலை மாத்திப் போட்டுட்டாங்க. அதான் செத்தவன் வாரான்."

"உக்காருலே, மறைக்குது."

"அவிய சொன்ன மாதிரியே நடக்குது. ஒனக்குப் பொறுக்கல, என்ன?"

ஒரே நாளில் இரண்டு உண்மை சொன்னால் எந்த ஊர்தான் தாங்கும்? உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில் கையுறை கழன்றது. உள்ளே இருந்தது ஒரு கிழவியின் கை, மாளிகைச் சொந்தக்காரி. அவள் மணிக்கூண்டு உச்சியில் நின்று என்னவோ கத்திவிட்டுக் கீழே விழுந்தாள். டாக்டருக்கும் அவளுக்கும் படத்தில் எந்த உறவும் இல்லை. வன்னியபெருமாளுக்கு அரை வினாடிதான் தேவைப்பட்டது.

"டாக்டரோட அம்மா," என்றார், குரல் தழுதழுக்க. "மகன் செஞ்ச பாவத்தைத் தன் தலையில ஏத்துக்கிட்டா. 'எம்புள்ளைய ஒண்ணும் செஞ்சிராதீங்க'ன்னு சொல்லிட்டு விழுதா."

இத்தாலியில் எத்தனையோ பேரைப் பயமுறுத்திய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கோவில்பட்டி ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தாய் என்றால் சும்மாவா?

வாசலில் தங்கசாமி இருவரையும் ஓரமாக அழைத்தார். அவர் கண் உலர்ந்திருந்தது.

"சுந்தரபாண்டி, நீ சொன்னது ரெண்டும் நெசம். ரீலை மாத்துனது எனக்கும் தெரிஞ்சுது. பாஷையும் இங்கிலீஷ் இல்ல. பம்பாய் வியாபாரிங்க பேசுத சத்தம் எனக்குத் தெரியும், அதுல பாதி மூக்குல வரும். இது வேற." வன்னியபெருமாள் பக்கம் திரும்பினார். "என்ன வே, இப்பம் சொல்லும். இங்கிலீஷா அது?"

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதலாளிக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன லாபம்? நீங்களோ நானோ தலையைக் குனிந்திருப்போம். வன்னியபெருமாளுக்கும் குனியத்தான் தோன்றியது. ஆனால் இனம் விடுமா?

"இங்கிலீஷ்தான் அண்ணாச்சி. லண்டனுக்குத் தெக்க இப்பிடித்தான் பேசுவாவ. தம்பி படிச்சது வடக்கத்திப் பேச்சு."

தங்கசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறுவடைக்கு நிற்கிற காட்டைப் பார்ப்பது மாதிரி ஒரு நிறைவு அந்தப் பார்வையில் இருந்தது.

"நாளைக்கு வந்து நாற்காலியில உக்காரும். மழை மாசத்துல குச்சி நமுத்துப் பத்தாமப் போகும். வடக்கேருந்து ஏன் ஏன்னு கேட்டு எழுதுவாங்க. அதுக்குப் பதில் சொல்ல நெசம் தெரிஞ்ச ஆளை வச்சு நான் என்ன செய்ய?"

"அப்ப நான் அண்ணாச்சி?" என்றான் சுந்தரபாண்டி.

"நீயும் வா. குச்சிக்குத் தலைமருந்து கலக்குத இடத்துக்கு ஒரு மேற்பார்வை வேணும். அங்கன நெசம் சொல்லுதவன்தான் வேணும். இல்லேன்னா வெடிச்சிரும்."

மறுநாள் வன்னியபெருமாள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தார். இருமல் நின்றுவிட்டது. கடிதங்களுக்கு இங்கிலீஷைக் தலைமருந்துக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் வைத்து யாரோ ஒருவன் எழுதிக் கொடுத்தான் என்றும், அவன் எம்.ஏ. படித்தவன் என்றும் பேச்சு. அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்னும் பத்து நாளில் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் இத்தாலிப் படங்களைப் பற்றிப் பேச்சு வரும். மாளிகை, மழை, கறுப்புக் கையுறை, கடைசியில் ஒரு கிழவி என்று நீங்கள் இலைக்கு முன்னால் கையை ஆட்டி விவரிப்பீர்கள். பக்கத்து இலைக்காரர், "பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார்.

என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தொண்டையை மட்டும் முதலில் செருமிக்கொள்ளுங்கள்.