கழுதை குடித்த கனவு

"சொல்லாதீங்க!" என்று சைரா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணும் சொல்லலையே. நேத்து மத்தியானம் ஒரு கனவு..."

"நான் வெறும் வயித்தோட நிக்கறேன். ரொட்டி வேற தீயுது. இந்த நேரத்துல என் வாயில இன்னா பலன் வரும்? நல்லதாவா வரும்?"

ஆபித் பாஷா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். மனைவி சொன்னது நியாயம்தான். கனவு என்பது பறவையின் காலில் கட்டிய சீட்டு. அதை முதலில் கேட்பவர் எந்தப் பலனைச் சொல்கிறாரோ அந்தக் கிளையில் பறவை இறங்கிவிடும். அப்புறம் கல்லெறிந்தாலும் எழும்பாது. சைராவின் அப்பா உயிரோடிருந்தவரை தன் கனவுகளை இனிப்புக் கடைக்காரரிடம் மட்டுமே சொன்னார்.

"நல்ல கனவுன்னா நமக்கு நல்லது நினைக்கிறவங்ககிட்ட சொல்லணும். கெட்ட கனவுன்னா இடது பக்கமா மூணு தரம் துப்பிட்டு கம்முனு இருக்கணும். உங்களுது நல்லதா, கெட்டதா?"

"அதான் தெரியலை."

"கனவுல யாரு வந்தாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"முதலாளி."

"அப்ப துப்பிடுங்க" என்றாள் சைரா.

ஆம்பூரில் மோட்டார் பஸ் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த வருஷம் அது. பாலாற்றங்கரையில் அப்துல் வஹாப் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஆபித் பாஷாவுக்குத் தரம் பிரிக்கும் வேலை. பதம் போட்ட ஆட்டுத் தோலை அதன் காதுப் பக்கம் பிடித்து வெளிச்சத்தில் திருப்புவார். உள்ளங்கையை ஒரு முறை ஓட்டுவார். முதல் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், கழிவு: இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு நாளில் அதிக வார்த்தை வராது. அவர் கட்டிய தோல்கட்டுகளை மெட்ராஸ் வியாபாரிகள் பிரித்துப் பார்க்காமல் வாங்கினார்கள். 'ஆபித்தின் வாய் தப்பினாலும் கை தப்பாது' என்று முதலாளியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

முந்தின நாள் அவருக்குக் குளிர் காய்ச்சல். மூன்று வேளை சாப்பிடவேண்டிய மருந்துத் தண்ணீரை, சீக்கிரம் குணமாகட்டும் என்று, ஒரே வேளையில் குடித்துவிட்டு ஷாப்பில் தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியல்மேல் சாய்ந்தார். கண் விழித்தபோது வீட்டில் கட்டிலில் கிடந்தார். "ஷாப்பு வண்டியில கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க" என்றாள் சைரா. விடிந்ததும் காய்ச்சல் போய்விட்டது. கனவு மட்டும் போகவில்லை.

கனவில் ஆவாரம்பட்டைத் தூள் மழையாகப் பெய்தது. ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயிலில் அது பொன்பொடியாக மிதந்தது. அவர் கால்கள் தரையில் பாவவில்லை. காதுக்குள் ஆயிரம் சில்வண்டுகள். கொடியில் தொங்கிய தோல்கள் ஒன்றையொன்று பார்த்து மெல்லத் தலையாட்டின. ஷாப்பு ஆட்கள் அத்தனை பேரும் அவர் முன்னால் நின்றார்கள். ஆட்களாக அல்ல, தரம் பிரிக்க வந்த உருப்படிகளாக. ஒவ்வொருவர் காதையும் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தில் உள்ளங்கையை ஓட்டி அவர் நம்பர் சொல்லிக்கொண்டே போனார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் கேட்டது.

கணக்கர் வேதாசலத்தின் காது கையில் வந்தது. "ரெண்டு பக்கமும் ஓட்டை. கழிவு."

பட்டை இடிக்கும் சவுரியம்மாள் வந்தாள். "வெயில்லயே காஞ்சது. ஒரு கீறல் இல்லை. முதல் நம்பர்."

கடைசியாக முதலாளி. அவருடைய துருக்கித் தொப்பியை ஒரு கை எடுத்தது. அது ஆபித் பாஷாவின் கை மாதிரியே இருந்தது. தொப்பிக்கு அடியிலிருந்து வழுக்கை பௌர்ணமிபோல் உதயமாயிற்று. "மேலே வழுவழு. உள்ளே சுண்ணாம்பு ஏறலை. மூணாம் நம்பர்." முதலாளியின் கண்ணில் நீர் நின்றது. அப்புறம் பொன்மழை மட்டும்.

இதில் எது நல்லது, எது கெட்டது? யோசித்துக்கொண்டே நடந்த ஆபித் பாஷா ஷாப்பு வாசலுக்கு வந்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நின்று, இடது பக்கம் திரும்பி, "தூ, தூ, தூ" என்று மூன்று தரம் துப்பினார்.

இடது பக்கத்திலிருந்து குடையோடு வேதாசலம் வந்துகொண்டிருந்தார்.

முன்பொரு நாள் ஒரு கூலியாள் தும்மியதற்கே மாதனூர்வரை கேட்கும்படி கத்தியவர் வேதாசலம். ஆபித் பாஷா கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வேதாசலம் தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல பாய். இன்னா, எச்சில்தானே? உடம்பு தேவலையா? வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று தன் குடையை அவர் தலைக்குமேல் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பட்டை இடித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

உள்ளே அதைவிட மோசம். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் முந்திக்கொண்டு சலாம் சொல்லாத முதலாளி எழுந்து நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஆபித். காய்ச்சல் விட்டுச்சா?"

ஆபித் பாஷா பதில் சலாம் சொல்லக் கையைத் தூக்கினார். முதலாளி அதற்குள் முற்றத்துக்குப் போய்விட்டார். பட்டை இடிக்கும் இடத்துக்குமேல் இரண்டு ஆட்கள் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பானை மோர் வந்து இறங்கியது. பெண்கள் குடித்து முடிக்கும்வரை முதலாளி பக்கத்திலேயே நின்று, "உப்பு போதுமா?" என்று கேட்டார்.

ஆபித் பாஷாவின் தாய்மாமன் ஆயுள் முழுக்கக் கஞ்சன். ஒரு வியாழக்கிழமை, காரணமே இல்லாமல், காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஒரு பக்கிரிக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மனிதன் திடீரென்று நல்லவனாகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கனவில் பார்த்த கண்ணீரின் பொருள் அப்போது அவருக்கு விளங்கிவிட்டது. முதலாளியின் உயிர் ஊசலாடுகிறது. ஊசல் கயிறு தன் வாயில் இருக்கிறது. யாரையாவது பிடித்து ஒரு நல்ல பலன் சொல்ல வைக்காவிட்டால் அவர் முடிந்தார்.

"கணக்கய்யா, முதலாளி ஏன் இன்னிக்கு இப்படி இருக்காரு?"

"எப்படி?"

"நல்லவரா."

வேதாசலம் இருமினார். "மனுசன்னா மாறக் கூடாதா? நானே காலையிலேர்ந்து யாரையும் ஒரு வார்த்தை திட்டலை."

"யா அல்லா, நீங்களுமா?" என்று ஆபித் பாஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"இன்னாத்தைச் சொல்லிட்டு?"

"ஒண்ணுமில்லை. முதலாளி வெளியூர் எங்கேயும் போகலையே?"

"மூணு மணி ரயிலுக்கு மெட்ராஸ் போறாரு."

ரயில்! ஆபித் பாஷாவின் கண்முன்னே இஞ்சின் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு பாலத்திலிருந்து பறந்தது. "கணக்கய்யா, நேத்து நான் ஒரு கனவு கண்டேன். நீங்கதான் மனசு வெச்சு..."

"வேணாம் பாய்!" வேதாசலம் குடையைக் கேடயம்போல் முன்னால் பிடித்தார். "நேத்து ராத்திரி பூரா நான் கண்ணே மூடலை. இதுக்கு மேல கேக்க உடம்புல தெம்பில்லை. ஆத்துல போய்ச் சொல்லுங்க. ஓடற தண்ணி அடிச்சிக்கிட்டுப் போய்டும்."

"சித்திரை மாசத்துல பாலாத்துல தண்ணி ஏது?"

"அப்ப மணலைத் தோண்டிச் சொல்லுங்க. தோண்டினா வராமலா போய்டும்?"

நடுப்பகலில் பாலாறு வெறும் வெளிச்சமாகக் கிடந்தது. அக்கரைப் பனைமரங்கள் கானலில் கால் நனைத்துக்கொண்டு நின்றன. ஆபித் பாஷா முழங்காலிட்டு இரண்டு கையாலும் மணலை வாரினார். முழங்கை ஆழத்தில் ஈரம் வந்தது. அப்புறம் தண்ணீர் கசிந்து, ஒரு தட்டளவு வானம் குழியில் வந்து படுத்தது.

அவர் குனிந்து சொன்னார். பொன்மழை, தலையாட்டிய தோல்கள், காதுகள், நம்பர்கள், பௌர்ணமி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மூன்றாம் நம்பரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து கரைந்தன. மார்பில் இருந்த பாரம் இறங்கியது. காற்று ஏதோ தாலாட்டுபோல் வந்து காதைத் தடவிற்று. அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திறந்தார். சலவைக்காரரின் கழுதை ஒன்று குழியில் வாயை வைத்திருந்தது.

"ஏய்! அது குடிக்கிற தண்ணி இல்லை!"

கழுதை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு நிமிர்ந்தது. அதன் முகத்தில் ஒரு யோசனை தெரிந்தது. பிறகு கரையேறி, வண்டிப்பாதையின் நடுவில் போய் நின்றது.

ஆபித் பாஷா பின்னாலேயே ஓடினார். கனவு இப்போது கழுதையின் வயிற்றில் இருக்கிறது. முதலில் கேட்டது தண்ணீர். தண்ணீரைக் குடித்தது கழுதை. அப்படியானால் பலன் சொல்லவேண்டிய வாய் எது?

அந்த நேரம் பார்த்து, ரயிலுக்குப் புறப்பட்ட முதலாளியின் ஜட்கா பாதையில் திரும்பியது. கழுதை தலையைத் தூக்கி, பல்லைக் காட்டி, ஆற்றங்கரை அதிரக் கத்தியது.

வேதாசலத்தின் வீட்டில் கழுதை கத்தினால் நல்ல சகுனம் என்பார்கள். ஆபித் பாஷாவின் வீட்டில், கழுதை ஷைத்தானைப் பார்த்துவிட்டது என்று பாதுகாவல் தேடுவார்கள். ஜட்காக் குதிரை ஆபித் பாஷாவின் கட்சி. அது பக்கவாட்டில் பாய்ந்தது. ஒரு சக்கரம் மணலில் அச்சுவரை இறங்கியது. வண்டி நிதானமாகச் சாய, முதலாளி அரிசி மூட்டைபோல் வழுக்கிக்கொண்டு மணலில் வந்து அமர்ந்தார். துருக்கித் தொப்பி தனியாக உருண்டு போயிற்று. வெயிலில் பௌர்ணமி உதயமாயிற்று.

வண்டிக்காரர் சவுக்கை ஓங்கிக்கொண்டு கழுதையிடம் போனார்.

"அடிக்காதே" என்றார் முதலாளி, வாயிலிருந்த மணலைத் துப்பியபடி. "வாயில்லாத ஜீவன். தாகமோ என்னமோ."

அவ்வளவுதான். ஆபித் பாஷாவின் கடைசி நம்பிக்கையும் போயிற்று. ஓடிவந்து முதலாளியின் முன்னால் மணலில் விழுந்தார்.

"போகாதீங்க முதலாளி! ரயில் ஏறாதீங்க! எல்லாம் என் கனவால வந்தது!"

முதலாளியின் தாடியிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"கனவா?"

"கனவுதான் முதலாளி. நேத்து மத்தியானம்."

"சரி. சொல்லு."

ஆபித் பாஷா சொன்னார். முதலாளி தன் முறை வரும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு இன்னா நம்பர்?"

"மன்னிக்கணும் முதலாளி. மூணு."

"கண்ணால பாத்துச் சொன்னியா, கை வெச்சுப் பாத்தியா?"

"கை வெச்சுத்தான்."

முதலாளி பெருமூச்சு விட்டார். "அப்ப சரியாத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்லாதீங்க! உங்க வாயாலயே நல்ல பலனா ஒண்ணு சொல்லிடுங்க முதலாளி. உங்க உயிர் அதுலதான் இருக்கு."

முதலாளி பலன் சொல்லவில்லை. "சுண்ணாம்பு ஏறாத தோலை இன்னா பண்ணுவோம்?" என்று கேட்டார்.

"திருப்பிச் சுண்ணாம்புத் தொட்டியில போடுவோம்."

"ம்" என்று எழுந்தார். நீளச் சட்டையை இடுப்பில் முடிந்துகொண்டார். சத்தம் கேட்டு ஷாப்பிலிருந்து பெண்கள் ஓடிவந்து சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அவர்களுக்கு நடுவில் போய், தானும் தோளைக் கொடுத்தார். தூரத்தில் மூன்று மணி ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபித் பாஷா கண்ணைத் துடைத்தார். மூச்சு வாங்க ஒதுங்கிய சவுரியம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாத்தியா சவுரியம்மா? கூலிக்காரங்களோட சேந்து சக்கரம் தூக்கறாரு. ரயில் போனதுகூட தெரியலை. சாவு கிட்ட வந்த மனுசன்தான் இப்படிப் பண்ணுவான். எல்லாம் நான் கண்ட பாழாப்போன கனவு."

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா கனவு பாய்? நேத்து மத்தியானம் நீங்கதானே பட்டைக் குவியல்லேர்ந்து எழுந்து வந்து, எங்க எல்லார் எதிரயும் அவரு காதைப் புடிச்சி மூணாம் நம்பர் போட்டீங்க. ரெண்டுக்கு ஏறிடலாமான்னு காலையிலேர்ந்து பாடுபடறாரு, அவ்ளோதான்!"