கெல்வின் மறைத்த இடம்

"உங்கள் இருப்பிடத்தை அறிந்துகொள்ள அனுமதிக்கிறீர்களா?" என்று வானிலைச் செயலி கேட்டதும், கெல்வின் பாஸ்கோ கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டார்.

"பார்த்தியா நொரீன், கொஞ்சங்கூட வெக்கமில்லாம கேக்குது."

"காத்து எப்படின்னு சொல்லத்தானே கேக்குது?" என்றாள் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"இன்னிக்குக் காத்துக்குக் கேக்கும். நாளைக்கு அடிலெய்டுக்காரன் ஒவ்வொருத்தனும் படகை இழுத்துக்கிட்டு என் இடத்துல வந்து நிப்பான்."

அவர் இடம் இருப்பது கடலில். தெற்கு ஆஸ்திரேலியாவின் அந்தக் கரையோர ஊரில், கிழங்கான் மீன் சிக்கும் இடத்தை யாரும் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்வதில்லை. கெல்வின் கட்டிய மனைவிக்கே சொன்னதில்லை. ஓய்வு பெற்ற மனுஷருக்குப் பெருமையென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அனுமதியை மறுத்தார். சரி, ஊர்ப் பெயரையாவது சொல்லுங்கள் என்றது செயலி. அதனிடமா உண்மையைச் சொல்வது? சாமர்த்தியமாக, நாட்டின் மேற்குக் கோடியிலிருக்கும் 'பெர்த்' என்று தட்டினார். வந்த வேகத்தில் கேமரா, மைக் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எல்லாச் செயலிகளுக்கும் அடைத்துவிட்டார்.

பெர்த்தில் அன்று அருமையான வானிலை. கெல்வின் படகை எடுத்தார்.

கரையிலுள்ள பழைய தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளங்களைப் பார்த்து இடத்தைப் பிடித்து நங்கூரம் போட்டதுமே காற்று ஏறிவிட்டது. திரும்பலாமென்றால் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. நொரீனை அழைத்தார்.

"என்ன கெல்வின், பேசாம இருக்கே?"

"எஞ்சின் நின்னுபோச்சு. ஆளை அனுப்பு."

"ரொட்டி கருகினதுக்கா இன்னும் கோபம்? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

மைக்கை அடைத்தது அப்போதுதான் உறைத்தது. அதைத் திறக்கும் பொத்தானைத் தேடுவதற்குள் ஓர் அலை வந்து கைபேசியை வாங்கிக்கொண்டு போனது.

படகுக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத இடம். கெல்வின் முதல்முறையாக அதற்காக வருத்தப்பட்டார்.

அப்போது மீட்புப் படகு, அங்கே இங்கே தேடாமல், நேராக அவரிடம் வந்து நின்றது. ஓட்டிவந்தவள், ஊர் மீட்புக் குழுவில் தொண்டு செய்யும் ரொட்டிக் கடை பிரைடி. அவர் கையைப் பிடித்து ஏற்றி, போர்வை போர்த்தி, சூடாகத் தேநீரும் கொடுத்தாள். கெல்வினுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உயிர் இருக்கிறவரைக்கும் உன்னை மறக்க மாட்டேன்மா."

"நன்றியை நொரீனுக்குச் சொல்லுங்க. காத்து ஏறினதும் பதறிப்போயி அவங்கதான் கூப்பிட்டாங்க."

"சொல்றேன், காலைத் தொட்டே சொல்றேன். ஆனா இந்த இடம் அவளுக்கே தெரியாதே. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

பிரைடி கரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"துருப்பிடிச்ச அந்தத் தண்ணித் தொட்டியை இடிக்கப் போறாங்கன்னதும் ஊரே கூடி, வேண்டாம்னு கை தூக்கினோமே, ஏன்னு நினைச்சீங்க? அது இல்லாட்டி, பாவம், உங்களுக்கு இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதேன்னுதான்."