குண்டு முதலில், மாப்பிள்ளை பிறகு

பெண் பார்க்கப் போகிறவனுக்கு இரண்டே வேலைகள்: கொடுத்ததைத் தின்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. முதலாவதை நான் குறைவில்லாமல் செய்தேன். கடலை உருண்டைத் தட்டை இரண்டு தடவை நிரப்பினார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் சவரிமுத்து என்பவரின் தோட்டத்து வீட்டுக்குச் சித்தப்பாவோடு போயிருந்தேன். தர்மபுரியில் நான் குமாஸ்தா. உடம்பைப் பற்றிச் சொல்வதென்றால், ஆபீசில் மின்விசிறியைப் போட்டால் காகிதங்களோடு என்மீதும் ஒரு கனமான ஃபைலை வைக்க வேண்டும்.

பெண்ணுக்கு "விளையாட்டுல கொஞ்சம் ஆர்வம்" என்று தரகர் சொல்லியிருந்தார். கேரம் போர்டாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போனால், இயேசு படத்துக்குக் கீழே அலமாரி முழுக்கக் கோப்பைகள். ஸ்டெல்லா குண்டு எறிதலில் ஜில்லா சாம்பியன். அடுத்த வாரம் மாநிலப் போட்டி.

சவரிமுத்து நேராக விஷயத்துக்கு வந்தார். "மாப்ள, கல்யாணத்துக்கப்புறமும் எம்பொண்ணு குண்டு போடுவா. அதுக்குச் சம்மதம்னாத்தான் மேல பேச்சுங்க. இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரு வேணாம்னுட்டுப் போய்ட்டாங்க."

'சம்மதம்' என்ற ஒரு சொல் போதும். எனக்கு ஒரு சொல்லோடு நிறுத்திப் பழக்கமில்லை.

"தாராளமா போடட்டுங்க. காலேஜ்ல நானும் போட்டவன்தான்." (காலேஜில் நான் தூக்கிய அதிகபட்ச கனம், அகராதி.)

கதவருகே நின்ற ஸ்டெல்லா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிங்களா? ஒருக்கா போட்டுக் காட்டுங்க. நானும் கத்துக்கறேன்."

சித்தப்பா என் தொடையைக் கிள்ளினார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

அவள் பயிற்சி செய்யும் இடம் கிணற்றை ஒட்டிய களம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலைப் பார்த்து எறிவாளாம். "பாத்துங்க, இஸ்கூல் குண்டு. இது இல்லீனா எனக்கு பிராக்டீசே கெடையாது" என்று ஒரு கையால் நீட்டினாள். நான் இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

வட்டு எறிகிற சிலை ஒன்றின் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். வட்டும் குண்டும் வேறு வேறு என்பதைப் புத்தகம் எச்சரிக்கவில்லை. சுழன்றேன். முதல் சுற்றில் வேட்டி காலைச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் வயல் எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது. குண்டு கிணற்றுக்குள் போயிற்று. அதைத் தனியாக அனுப்ப மனமில்லாதவன்போல நானும் பின்னாலேயே போனேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்தபிறகு மோட்டார் குழாய் கைக்குக் கிடைத்தது. அதுவரை எதையும் அவ்வளவு ஆசையாகக் கட்டிப்பிடித்ததில்லை. மேலே சித்தப்பா யாரிடமோ, "அவங் கையில இருக்கற வாச்சு என்னுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். என்னை நோக்கி நீந்தி வந்தாள். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போனாள். "பைப்ப வுட்றாதீங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, குமிழி வந்துகொண்டிருந்த இடத்தில் முழுகினாள். குண்டோடு வந்தாள். அதைப் படியில் வைத்து, உருளாமல் கல்லை முட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

சவரிமுத்துவுக்கே சங்கடமாகிவிட்டது. "ஏம்மா, மனுசன வுட்டுட்டு குண்டையா மொதல்ல எடுப்பாங்க?"

"அது சேத்துல பொதஞ்சிருக்கும்ப்பா. இவரு மெதந்துகிட்டுத்தான இருந்தாரு."

"கெளம்பலாம்டா" என்றார் சித்தப்பா. வேட்டியைப் பிழிந்துகொண்டு நானும் கிளம்பத்தான் இருந்தேன்.

"இவரையே பேசி முடிங்கப்பா" என்றாள் ஸ்டெல்லா. "குண்டு போடாதேன்னு இந்த ஆளு ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டாரு."

சொல்லவில்லை. மாநிலப் போட்டியில் ஜெயித்தாள். அதை வைத்து ரயில்வேயில் வேலை கிடைத்தது. பல வருடங்கள் ஊர் ஊராகப் போய்ப் பதக்கம் வாங்கினாள். மஞ்சள் பையில் குண்டைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்திலும் பையை வாங்கி முதலில் இறக்குவாள். நான் இறங்கினேனா என்பதை அப்புறம் திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் வீட்டில் எந்த வேலையை முதலில் பார்ப்பது என்று குழப்பம் வந்தால், மகள்கள் இருவரும் கேட்பது ஒன்றுதான்: "முழுகறதா, மெதக்கறதா?" முழுகுவதற்கே முதலிடம். நேற்றுக் காலை, எல்லோரும் ஆபீசுக்கும் காலேஜுக்கும் பறந்துகொண்டிருந்த நேரத்தில், பேப்பரை மடித்துவிட்டுக் காபி கேட்டேன்.

மூன்று குரல்களும் சேர்ந்தே வந்தன: "மெதக்கறது அப்புறம்."