சுக்கு மூட்டைக்கு ஒரு சொந்த வீடு

நடுத்தர வருமானமுள்ள ஒருவர் கொச்சியில் சொந்த வீடு வாங்குவதில் அரசாங்கத்துக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. வாங்கிய வீட்டில் அவர் இருக்கலாமா என்பதில்தான் சற்று அபிப்பிராய பேதம்.

மட்டாஞ்சேரி அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சங்கரலிங்கத்துக்கு 1979இல் இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மனைவி பேச்சியம்மாளுக்கு ஒரு ஆசை இருந்தது என்பதுதான். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. வீட்டுக்காரர்கள் மாறினார்கள், சாவியைக் கொடுக்கும்போது அவர்கள் சொன்ன வாக்கியம் மட்டும் மாறவில்லை. "சுவரிலே ஆணி அடிக்கப் படாது." ஆகவே கல்யாணப் போட்டோவில் மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றுமுதல் ட்ரங்குப் பெட்டிக்குள் மல்லாந்தே கிடந்தார்கள்.

தரகர் ராசப்பன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார். "பட்ஜெட் எத்தறயா, அண்ணாச்சி?"

சேமிப்பு, மண்டி முதலாளி கொடுத்த முன்பணம், பேச்சியம்மாளின் இரட்டை வடச் சங்கிலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் என்றார் சங்கரலிங்கம்.

"மீடியம்" என்றார் ராசப்பன், மரியாதையாக. பணக்காரனுக்கு வீடு காட்டுவார்கள். ஏழைக்கு ஒன்றும் காட்ட மாட்டார்கள். மீடியத்துக்கு, வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுவார்கள்.

முதலில் இடக்கொச்சி. நல்ல வீடுதான். காயல் ஏறும் நேரத்தில் மட்டும் அடுக்களைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து நிற்கும்.

"வரும், போகும்" என்றார் ராசப்பன். "விருந்தாளி மாதிரி தங்காது, அண்ணாச்சி."

அடுத்து வல்லார்பாடம் தீவு. வீடும் தென்னையும் நமக்கு. போட் மட்டும் அடுத்தவனுக்கு. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கு லீவு.

மூன்றாவது கல்ஃப் மாடல். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்ப் பணம் அனுப்பிய காலம் அது. முகப்பு இல்லாத வீட்டை வீடென்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ரோஜா நிறத்தில் வளைவு, வளைவின் மேல் இரண்டு அன்னம், அன்னத்தின் வாயில் பல்பு. சங்கரலிங்கம் அசந்துபோய்க் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருந்தது.

"வீடு?"

"அது அடுத்த லீவுக்குக் கெட்டலாம்னு இருந்தாங்க. போட்டோ எடுத்து அனுப்ப இது போதும், மதியல்லோ!"

கடைசியில் பஜார் தெருவில் பழைய சுக்கு கோடவுன் ஒன்றைப் பாகம் பிரித்து விற்றதில் ஒரு துண்டு கிடைத்தது. யானை சாய்ந்தாலும் அசையாத சுவர், ஒரு பெரிய கூடம், மூலையில் ஒரு சின்ன அறை. குடிபுகுந்த அன்றே பேச்சியம்மாள் சுத்தியலை எடுத்துவிட்டாள்.

"வீட்டு நம்பர் வந்துரட்டும் பேச்சி" என்றார் சங்கரலிங்கம். "அப்புறம் வேணும்கிற அளவு அடி."

நம்பர் இல்லாமல் ரேஷன் கார்டும் இல்லை, கரண்டும் இல்லை. நம்பர் தருவது குடியிருப்புத் தகுதி நிர்ணய அலுவலகம். அங்கே ஓமனா என்ற அதிகாரி இருந்தார். சட்டத்தைத் தாயன்போடு நேசித்தவர்.

"இது சுக்கு கோடவுன். இதில ஆளுகள் குடியிருந்து தாமசிக்கப் படாது."

"இப்போ அதிலே சுக்கு இல்லையே, மேடம்."

ஓமனா பேனாவைக் கீழே வைத்தார். "சுக்கு கோடவுன்ல சுக்கு இல்லையா? அது வேற குற்றமாச்சே!"

சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு வழி சொன்னார். சரக்கு இருந்தால் காவலுக்கு ஆள் வேண்டும். காவலாளுக்குக் குடும்பம் இருக்கலாம். அவன் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

"எவ்வளவு சரக்கு வேணும்?"

"ஒரு மூட்டை மதி."

"காவல்காரன் யாரு?"

"நீங்கதான். ஆனா முதலாளி சம்மதிக்கணும்."

"முதலாளி யாரு?"

"அதுவும் நீங்கதானே. போய்க் கலந்து பேசிட்டு வாங்க."

சங்கரலிங்கம் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து எழுந்து வந்தார். "சம்மதிச்சிட்டாரு, மேடம்."

"நல்ல முதலாளி" என்றார் ஓமனா.

மூட்டை வந்தது. கூடவே விதிகளும் வந்தன. காவலாள் புழங்கும் இடம் கட்டடத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆகவே மூலையறையில் குடும்பம். கூடத்தின் நடுவில் பலகை போட்டு, அதன்மேல் மூட்டை, ஜமீன்தார் போல.

அடுத்த மாதம் ஓமனா நேரில் பரிசோதிக்க வந்தார். குத்தூசியை மூட்டைக்குள் செலுத்தி, வந்த சுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"காற்று போதாது. சரக்கு நமுத்திருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வையுங்க."

"எங்க ரூமுக்கே ஜன்னல் கிடையாதே, மேடம்" என்றாள் பேச்சியம்மாள்.

"ஆளுகளுக்கு ஜன்னல் வேணும்னு கோடவுன் சட்டத்தில இல்லல்லோ, சேச்சி."

ஜன்னல் வைத்தார்கள். காயல் காற்று சிலுசிலுவென்று மூட்டையின் மேல் வீசியது. மழை வந்தபோது கூடத்தில் ஒழுகியது. மூட்டையை மூலையறைக்கு மாற்றிவிட்டுக் கணவனும் மனைவியும் அதன் வாசற்படியில் உட்கார்ந்து விடியும்வரை அதைக் காத்தார்கள்.

"கஞ்சி ஏதாவது வைக்கட்டுமா, மூட்டைக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

சங்கரலிங்கம் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"என் சங்கிலியை வித்து அதுக்கு வீடு வாங்கிக் குடுத்திருக்கீங்க. வாடகை வீட்டிலேயாவது நாம ஆளுங்களா இருந்தோம். உங்க முதலாளிகிட்டே கேட்டுக் காவல்காரன் சம்பளத்தையாவது வாங்கிட்டு வாங்க!"

"அவரு கையிலே காசு இல்லை, பேச்சி. இப்பத்தான் வீடு வாங்கியிருக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், அடுத்த முறை ஓமனா வந்தபோது ஆணி விஷயத்தை எடுத்தார் சங்கரலிங்கம். ஒரே ஒரு ஆணி. போட்டோவுக்கு.

ஓமனா சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஓட்டை வழியா ஈரம் இறங்கும். சரக்குக்கு ஆகாது. சுவரிலே ஆணி அடிக்கப் படாது."

பேச்சியம்மாள் சுத்தியலை ட்ரங்குப் பெட்டியில், போட்டோவின் மேலேயே வைத்து மூடினாள்.

நம்பர் மட்டும் வரவில்லை. கார்த்திகையில் ஒரு புதிய உத்தரவு வந்தது. கோடவுன்களில் ஜனங்கள் குடியிருப்பதாக வதந்தி பரவியிருப்பதால், ஒவ்வொரு கோடவுனின் வாசற்கதவிலும் 'இங்கு எவரும் குடியிருக்கவில்லை' என்ற பலகை மாட்டப்பட வேண்டும். மாட்டியவர்களுக்கு உடனே வீட்டு நம்பர் வழங்கப்படும்.

"யாரும் இல்லாத வீட்டுக்கு நம்பரா, மேடம்?" என்றார் சங்கரலிங்கம்.

"யாராவது இருந்தா நம்பர் தர முடியாதே!" என்றார் ஓமனா. பலகையை அவரே கையோடு கொண்டுவந்திருந்தார்.

"இதை எதிலே மாட்ட?"

"ஆணியிலே."

உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் சுத்தியலோடு வந்தாள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. சேர்த்து வைத்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அடித்தாள். ஆணி கதவைத் துளைத்துக்கொண்டு உள்பக்கம் எட்டிப் பார்த்தது. வெளிப்பக்கம் பலகையை மாட்டினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த முனையில் கல்யாணப் போட்டோவைத் தொங்கவிட்டாள். மாப்பிள்ளையும் பெண்ணும் முதல்தடவையாக நிமிர்ந்து நின்றார்கள். கதவுக்கு அந்தப்பக்கம், தாங்கள் அங்கே இல்லை என்று எழுதியிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஓமனா வெளியே நின்று பலகையை உரக்க வாசித்துத் திருப்திப்பட்டார். நம்பர் தகட்டைக் கொடுத்தார். ஆனால் கிளம்பவில்லை. யாராவது கேட்கிறார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"சேச்சி, ஆணி மிச்சம் இருக்கோ? அடுத்த சந்தில ராசப்பன் எனக்கும் ஒரு துண்டு பிடிச்சுத் தந்தான். மீடியம்தான்."

பேச்சியம்மாள் ஆணியோடு சுத்தியலையும் கொடுத்தாள். ஒரு முறம் சுக்கும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் பஜார் தெரு முழுக்க, சந்துக்குச் சந்து, ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எவரும் குடியிருக்காத தெருவுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான சத்தம்தான்.