அந்தோணியாரின் காலிக் கை

"மோதிரம் வந்தா குழந்தை வரும்," என்றாள் அவள். "அதுவரைக்கும் என்கிட்டதான் இருக்கும்."

அந்தோணியார் பதில் பேசவில்லை. வீட்டுப் பீடத்தில் பழுப்பு அங்கியோடு நின்ற பிளாஸ்டர் சுரூபம் அது. அதன் கையில் உட்கார்ந்திருந்த கட்டைவிரல் அளவுக் குழந்தை இயேசு இப்போது அவள் உள்ளங்கையில் இருந்தார். லேசாகத் திருகியதுமே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டார். போன தடவை இடுக்கி வைத்து இழுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஏன் இவ்வளவு சுலபம் என்று ஒரு நொடி யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

காணாமல் போன பொருளுக்காக அந்தோணியாரிடம் மன்றாடுவது எல்லாரும் செய்வதுதான். மன்றாடியும் கிடைக்காவிட்டால் அவர் கையிலிருக்கும் குழந்தையைக் கழற்றி ஒளித்து வைப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். பொருளைக் காட்டினால்தான் குழந்தை திரும்பும். கல்யாணமாகி வந்தபோது இந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். மகள்கூட ஒருமுறை ஸ்கூட்டர் சாவிக்காகச் செய்திருக்கிறாள். இது பக்தியா, மிரட்டலா என்று வீட்டில் யாரும் பங்குச்சாமியாரிடம் கேட்டதில்லை.

பங்கில் அவளுக்குப் பெயர் பீடத்துணியக்கா. கோவில் பீடத்துணிகளை வாரந்தோறும் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்பு கலையாமல் கொண்டுபோய்க் கொடுப்பவள். வீட்டில் எதையும் தொலைக்காத ஒரே ஆள். அதை அவளே அடிக்கடி சொல்வாள். முக்கியமாகக் கணவனிடம்.

கணவன் லேத் பட்டறையில் மேஸ்திரி. இரும்பை மயிரிழை பிசகாமல் கடைவார். குடையை மட்டும் எங்காவது விட்டுவிட்டு வருவார். மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, ஒருமுறை இடது கால் செருப்பு. "கல்யாண மோதிரத்தை மட்டும் இத்தனை வருஷமா தொலைக்காம வச்சிருக்கீங்க. கோடி அற்புதர் அந்தோணியார் செஞ்சதுல பெரிய அற்புதம் அதுதான்" என்று போன மாதம்தான் விருந்தாளிகள் நடுவில் சொல்லியிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இப்போது தொலைந்திருப்பது அவளுடைய மோதிரம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய திருமண வெள்ளிவிழாப் பூசை. சாமியார் மோதிரங்களை மந்திரிப்பார். பங்கே பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கொருவர் மறுபடி மாட்டிவிட வேண்டும். அவள் எந்த விரலை நீட்டுவாள்?

குழந்தையைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். அந்தோணியாரின் கை காலியாக இருந்தால் வீட்டில் எதுவோ தொலைந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் அந்தக் கையில் ஒரு கொத்து காகிதப் பூவைச் செருகினாள். வெறும் விரலை மறைக்கத் துணிக் கட்டு ஒன்று போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் செபம் சொல்ல வந்த கணவன் அந்தோணியாரைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"பூ எதுக்கு?"

"வெள்ளிவிழா வருதுல்ல. அலங்காரம்."

"அவருக்கு மட்டுமா?"

"உங்களுக்கும் வேணும்னா காதுல வைக்கிறேன்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு விநோதமாக இருந்தது. சாதாரணமாக ஒரு ஆணி இடம் மாறினாலும் கேள்வி கேட்கும் ஆள். பேச்சை மாற்ற அவள் விரலைக் காட்டினார்.

"கையில என்ன?"

"கத்தி பட்டுடுச்சு."

"பட்ட கையோட எதுக்கு அடுப்படியில நிக்கிற? நகரு, நான் பாத்துக்கிறேன்."

அவள் எதிர்பார்த்தது ஒரு 'பாத்து செய்யக் கூடாதா'. கிடைத்தது சமையல்காரர். மனுஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்து நேராக மாவு டப்பாவை எடுத்தார்.

"அதைத் தொடாதீங்க."

"ஏன்?"

"வண்டு," என்றாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"வண்டா? அப்ப சலிச்சாத்தான் ஆகும்." அவர் டப்பாவையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள். பாதிப் படியில் மகள் வழிமறித்தாள்.

"அம்மா, வாஷிங் மெஷின் கடகடன்னு சத்தம் போடுது. கல்லை எதையாவது துவைக்கப் போட்டியா?"

அதை நிறுத்திவிட்டு அவள் மேலே போவதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டார். புருவமெல்லாம் மாவு.

"வண்டு ஒண்ணுகூட இல்லையே."

"வேற... ஏதாவது இருந்துச்சா?"

"மாவுல வேற என்ன இருக்கும்?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்தார்கள். பிறகு அவர் மாவு பிசையத் தண்ணீர் ஊற்றினார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவைத் தாளில் கொட்டிப் பார்த்தாள். குழந்தை இல்லை. மாடித் தரையைத் துழாவினாள். இல்லை. சல்லடையைத் திருப்பித் தட்டினாள். கணவனிடம் கேட்கலாம். கேட்டால், மாவுக்குள் குழந்தை எதற்கு என்று அவர் கேட்பார். தொலைந்தது என்ன என்பது அடுத்த கேள்வி.

தொலைந்ததைத் தேட வேண்டியவரின் பிள்ளையையே தொலைத்தாயிற்று. இதை யாரிடம் முறையிடுவது? அவள் பீடத்தின் முன் போய் நின்றாள். காகிதப் பூவைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தான். மெஷினைச் சாய்த்து, அடியில் கைவிட்டு, கொஞ்சம் கறுப்புத் தண்ணீரையும் ஒரு பித்தானையும் எடுத்தான். பிறகு, "அக்கா, இது உங்களுதா?" என்றான்.

சோப்பு அழுக்கு அப்பிய தங்க மோதிரம். தேய்த்ததும் மேல்புறத்தில் சிலுவைக் கோடு தெரிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி செய்த கோடு. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பீடத்துணியை ஊறவைக்கும்போது கழன்றிருக்கும். அந்தோணியார் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

"பம்ப்பு போயிடுச்சுக்கா. புதுசு மாட்டிட்டேன். பழசை எடுத்துட்டுப் போறேன், உதிரிக்கு ஆகும்."

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போப்பா. புண்ணியமாப் போகும்."

மோதிரம் விரலில் தொளதொளவென்று சுற்றியது. உள்பக்கம் நூல் சுற்றி இறுக்கிக்கொண்டாள். மகள் கவனித்துவிட்டாள்.

"என்னம்மா, மோதிரம் லூஸா இருக்கு? இளைச்சுட்டியா?"

"கவலை இருக்காதா? வீட்டு வேலை எல்லாம் யாரு பாக்குறது?" என்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மோதிரம் வந்தாயிற்று, குழந்தை போகவில்லை. பேச்சை மீறியது இப்போது அவள்தான். சனிக்கிழமை மாலை சாமியார் வீட்டுக்கு வருவதாக வேறு சொல்லியிருந்தார். பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்கினாள். குடிலின் குழந்தை இயேசு இரண்டு கையையும் விரித்து மல்லாந்து படுத்திருந்தார், அளவிலும் பெரியவர். காகிதப் பூவைப் பிடுங்கிவிட்டு, பசை போட்டு அந்தோணியார் கையில் ஒட்டினாள்.

மகள் வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, இவரைப் பாத்தா கூட்டத்துல மயங்கி விழுந்தவரைத் தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"வாயை மூடு. கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு."

"யாரு கால்ல? ரெண்டு பேரும் ஆடுறாங்களே."

உண்மைதான். முன்பக்கம் பாரம் ஏறியதில் அந்தோணியார் தலைகுப்புறச் சாய்ந்துகொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செபப்புத்தகத்தை வைத்துக் கயிற்றால் கட்டினாள். இப்போது கைதி போல இருந்தார்.

சாமியார் வந்ததும் முதலில் பீடத்தைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அந்தோணியாருக்கு என்ன ஆச்சு?"

பீடத்துணியக்கா உடைந்துவிட்டாள். பொய்க்குமேல் பொய் சொல்ல அவளிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

"என் மோதிரம் தொலைஞ்சிடுச்சு சாமி. குழந்தையைக் கழற்றி ஒளிச்சு வச்சேன். மோதிரம் கிடைச்சிடுச்சு. குழந்தையைக் காணோம்." கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களை எத்தனை தடவை குத்திக் காட்டியிருக்கேன். நானே தொலைச்சேன். சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

கணவன் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு, மாவு அப்பிய குழந்தையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாவுலதான் கிடந்துச்சு."

"ஏங்க, வச்சிக்கிட்டா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க? கொடுத்திருக்கலாம்ல?"

"கொடுக்கலாம்னுதான்..." என்று இழுத்தார். "பூசை முடியட்டுமேன்னு பாத்தேன்."

"பூசைக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு நாள் என்கிட்டயே இருக்கட்டுமே."

"மோதிரம்தான் கிடைச்சாச்சே. நாளைக்கு முகத்துல முழிக்க வேணாமா?" அவள் கயிற்றை அவிழ்த்து, குடில் குழந்தையைப் பெயர்த்து, உண்மையான குழந்தையைச் செருகினாள். கணவன் அதைப் பறிகொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் ஒரு தட்டை எடுத்தார். "சரி, நாளைக்குத் தடுமாறாம இருக்க ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம். மோதிரத்தைக் கழற்றி இதுல போடுங்க."

அவள் நூலோடு கழற்றிப் போட்டாள். கணவன் தயங்கித் தயங்கிப் போட்டார். சாமியார் அவருடையதைக் கையில் எடுத்து விளக்கருகே பிடித்தார்.

"என்ன மேஸ்திரி, நேத்து செஞ்ச மாதிரி பளபளங்குது?"

"தேய்ச்சு வைப்பேன் சாமி."

"பாருங்க சாமி," என்றாள் அவள். "பட்டறையில மோதிரம் போடக் கூடாது. தினமும் கழற்றிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, மறக்காம மாட்டிக்கிட்டு வருவாரு. இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருக்காரு. நான்தான்..."

"விரலெல்லாம் பச்சையா இருக்கே," என்றார் சாமியார்.

"மெஷின் எண்ணெய் சாமி," என்றார் கணவன். வேர்த்திருந்தது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. மெக்கானிக் தம்பி. கையில் பசை ஒட்டியிருந்ததால் மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அந்தப் பழைய பம்ப்பைப் பிரிச்சேன். உள்ள இன்னொரு தங்க மோதிரம் இருக்குக்கா, அதே சிலுவை போட்டு, சின்னதா, பொம்பளைங்க விரல் அளவுக்கு. அப்ப அன்னிக்கு உங்ககிட்ட கொடுத்தது யாருதுக்கா?"