சகலையின் டெக்கில் சொத்தை

பல் டாக்டரின் வலது கால், சகலையின் படகுக்குள் முழங்கால் வரை போயிருந்தது. இடது கால் படகின் மேல்தளத்தில், அதாவது டெக்கின் மேல், மடங்கிக் கிடந்தது. இப்படி மாட்டிக்கொண்ட மனிதர் அலறுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொத்தை! உள்ளே அத்தனையும் சொத்தை!"

படகு ஷெட்டின் வாட்ச்மேன் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். "என்ன சார், விழுந்துட்டீங்களா?"

"விழலைங்க. தட்டிப் பார்த்தேன். தொப்பு தொப்புன்னு கேட்டுச்சு. சந்தோஷத்துல ஒரு குதி குதிச்சேன்."

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. படகு வாங்கப் போகிறேன் என்று மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முதலில் வாயைத் திறந்தவர் டாக்டர்தான். மறு மாதமே வாங்கி நிறுத்தியவன் அவர் மனைவியின் தங்கை புருஷன். பழைய ஃபைபர் படகுதான். ஆனாலும் அன்றிலிருந்து மாமியார் 'சின்ன மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை' என்று உருகுகிறார். டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. போதாக்குறைக்கு, வெளியூர் கிளம்பும்போது அவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "சகலை, என் டெக்கைத் தட்டிப் பாருங்க, வெங்கல மணி மாதிரி கேக்கும். ஞாயித்துக்கிழமை வந்ததும் எல்லாரையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

தட்டிப் பார்க்காமல் டாக்டருக்கு எப்படித் தூக்கம் வரும்?

காலை உருவி எடுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. டெக்கில் பூசணிக்காய் அளவுக்கு ஓட்டை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? மனைவி ஏற்கெனவே எச்சரித்திருந்தாள்: "இன்னொரு தடவை தங்கச்சி வீட்டுக்காரரோட போட்டி போட்டீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." போனால் அங்கேயும் அவன் புராணம்தான் ஓடும்.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு. சத்தமில்லாம அடைச்சுடலாம். பலகை, ஒட்டறதுக்கு ரெசின் பசை ஏதாவது கிடைக்குமா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"மூலையில கிடக்கு சார், எடுத்துக்குங்க."

பலகை, ரெசின் டின், ஃபைபர் துணி, எல்லாமே இருந்தன. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த டெக் என்பது வேறொன்றுமில்லை. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் மரப்பலகை. திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தால், மேலே பளபளப்பு குறையாமலே உள்ளே மரம் இற்றுப்போகும். பல்லும் அப்படித்தான். டாக்டருக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல்தோலை அறுத்தார். ஓரமெல்லாம் ஈர மரம். மேஜை அளவுக்கு அறுத்தார். இன்னும் ஈரம்.

"போதும் விடுங்க சார்," என்றார் வாட்ச்மேன், ஒப்புக்கு.

"சொத்தையை மிச்சம் வெச்சு அடைக்கிறவன் டாக்டரே இல்லை!"

கெட்டி மரம் தென்பட்டபோது, இரட்டைக் கட்டில் போடுகிற அளவுக்கு டெக் திறந்து கிடந்தது. ஊறிய மரத்தை வாளி வாளியாகச் சுரண்டிக் கொட்டினார். அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, டாக்டருக்குப் பல்வலின்னு கிளினிக்ல சொல்றாங்களே?"

"ஆமாம்மா. வேற டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கேன்."

"வாயைத் திறந்து காட்டிட்டே எப்படிப் பேசறீங்க?"

டாக்டர் அவசரமாக 'ஆ ஆ' என்று முனகிவிட்டுப் போனை வைத்தார்.

பல் அடைக்கிற கலவை ஒரு நிமிஷத்தில் இறுகிவிடும். ரெசின் இறுக அரை மணி நேரம். அவ்வளவு பொறுமை ஏது? இறுக வைக்கிற மருந்தை இரண்டு மடங்கு ஊற்றினார். ரெசின் மக்கிலேயே கொதித்துப் புகைந்தது. பயந்துபோய் டெக்கின் நல்ல பாகத்தில் வைத்தார். மக்கு ஒட்டிக்கொண்டது. உதைத்தார். செருப்பும் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் உளியால் பெயர்த்ததில் நல்ல பாகமும் போயிற்று.

"அப்ப அந்தப் பக்கமும் புதுசாப் போட்டுடுங்க சார்," என்றார் வாட்ச்மேன் ஆறுதலாக.

போட்டார். கீழ்த்தோலின் கிழிசலைத் துணி வைத்து ஒட்டி, மேலே புதுப் பலகை பதித்து, மேல்தோலை மூடி, இடுக்கெல்லாம் அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தார். அடித்த இடம் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்க, மற்ற இடம் மஞ்சளாக இளித்தது. பல் டாக்டர் கண் அதைப் பொறுக்குமா? முழு டெக்குக்கும் அடித்தார். இப்போது கைப்பிடிக் கம்பிகள் அழுக்காகத் தெரிந்தன. அவற்றையும் துலக்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் டெக்கைத் தட்டினார். டங்! வெங்கல மணியேதான். 'இவ்வளவு நல்ல டெக் அந்தப் பயலுக்கா!' என்று டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே படகுத்துறையில் நின்றது.

"அடேயப்பா, கண்ணாடியா மின்னுது! சின்ன மாப்பிள்ளை கை பட்டா அதோட அழகே தனி," என்றார் மாமியார்.

"அப்பப்ப லேசா துடைச்சு வெப்பேன் அத்தை, அவ்வளவுதான்," என்றான் சகலை அடக்கமாக.

மனைவி முழங்கையால் டாக்டரை இடித்தாள். "பார்த்தீங்களா? நம்ம வீட்டுக் கதவு ஒரு வருஷமா கிறீச் கிறீச்சுங்குது. உங்களுக்கு ஏன் இந்தக் கைவேலை வரலை?"

டாக்டர், ரெசின் அப்பியிருந்த கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தான் செய்த வேலையைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது. பல்வலி என்று சாக்குச் சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டார். படகு கையசைப்புகளோடு கிளம்பிப் போனது.

போகட்டும். மானம் தப்பியது. முக்கியமாக, அவனுக்குத் தெரியாது.

டாக்டர், பக்கத்தில் நின்ற வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. என் சகலைகிட்ட நீங்க மூச்சே விடலை."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "நான் தனியா என்ன சார் சொல்றது? 'எங்க சகலை எப்படியும் தட்டிப் பார்க்க வருவாரு, சொத்தைன்னு தெரிஞ்சா அவர் கை சும்மா இருக்காது, கேட்டா எடுத்துக் கொடுங்க'ன்னு பலகையும் ரெசினும் வாங்கி வெச்சுட்டுப் போனதே அவருதானே!"