பலூன் கட்டுரையைத் திருப்பி அனுப்பக் கோரி

சிவகாசி வட்டம்,
ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய அறிவியல் மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு பெற்ற ஆசிரியர் ராஜசிங் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன். நான் அனுப்பிய 'ஒரு மூச்சு, ஒரு பலூன்' கட்டுரையைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

கட்டுரையில் பிழை இல்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துகிறேன். நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் ஆளுக்கொரு பலூன் ஊதினார்கள், தையல் டேப்பால் சுற்றளவு எடுத்தோம், விருதுநகரில் அதே வயதுப் பிள்ளைகள் ஊதியது பெரிதாக இருந்தது. பட்டாசு மருந்துத் தூசி காரணமா, சாப்பாடு காரணமா, எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கலாமே என்றுதான் எழுதினேன். தலைமையாசிரியர், என் பழைய மாணவர், "கண்காட்சிக்குப் பலூன் வேண்டாம் சார், எரிமலை வைப்போம்" என்றார். இந்த மாவட்டத்தில் எரிமலைக்கு முதலாளி கிடையாது, ஆகவே பதினொரு எரிமலைகள் வைத்தோம். பட்டாசுக் கம்பெனி நடத்தும் எங்கள் தாளாளர் பதினொன்றையும் பாராட்டினார். அவரை வரவேற்ற வளைவில் ஆய்வுக்கு வாங்கி மிஞ்சிய பலூன்களைத்தான் கட்டியிருந்தார்கள். கட்டுரை பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் அவர் கோபப்படவில்லை. "இது வெளிய வந்தா ஆர்டர் போயிரும் சார்" என்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அதையும் தாங்கியிருப்பேன். மறுநாள் அவர் கம்பெனியில் வேலை செய்யும் ஆவுடைத்தாய் வந்தார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீக? எம்மவ பலூன் சின்னதுன்னு எழுதுனா கம்பெனிய மூடிருவாகளாம்ல. எம்புட்டுக் குடும்பம் சார்! ஒங்களுக்குப் பென்சன் வருது, எங்களுக்கு?" முப்பத்தாறு வருடம் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவனை நோக்கி வந்த கேள்வி. இவ்வளவு பேசுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அதையும் குறித்துக்கொள்ளத் தோன்றியது. பேனாவை எடுக்க வெட்கமாக இருந்தது.

ஆகவே கட்டுரையை விட்டுவிடுங்கள். வேண்டுமானால் எரிமலை பற்றி எழுதித் தருகிறேன்.

தங்கள் இதழ் நல்ல காற்றும் நல்ல சந்தாதாரர்களும் பெற்று நீடிக்க ஆண்டவரை வேண்டும்,
ஞா. ராஜசிங்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆவுடைத்தாயின் மகள் ரோஷினி வந்தாள். ஏழாம் வகுப்பு. அவள் அளவு முப்பத்தொன்பது சென்டிமீட்டர், அட்டவணையில் கடைசி. "சார், பத்து நாளா ஊதி ஊதிப் பழகிட்டேன். இப்பம் பெருசா வரும். திருப்பி அளந்து எழுதுங்க. அம்மாவுக்கு வேலை போகாதுல்ல?" கண்ணில் நீர் முட்ட ஊதினாள். டேப்பைச் சுற்றினேன். "அம்பது" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். நான் ஓர் அளவை மாற்றிச் சொன்னது இதுவே முதல் தடவை.

கட்டுரையை அச்சிடுங்கள். ஊர்ப் பெயரையும் பிள்ளைகள் பெயர்களையும் அடித்துவிடுங்கள், என் பெயர் இருக்கட்டும். அட்டவணையின் கடைசி எண்ணை மட்டும் முப்பத்தெட்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.